எந்த விரல்?

ஆகஸ்ட் 19

பெயர் மாதேஸ்வரன். வயது முப்பத்து மூன்று. தொழில், பைக் ரேஸ். ஊர், கோயம்புத்தூர் சுந்தராபுரம்.

பள்ளிக்கூடத்தில் புது நோட்டுக்கு முதல் பக்கத்தில் இப்படித்தான் எழுதுவோம். அதற்கப்புறம் இப்போதுதான் நோட்டு வாங்கியிருக்கிறேன். எழுதச் சொன்னவர் பீளமேட்டில் பிசியோதெரபி பார்க்கும் ஹெப்சிபா மேடம். வலது முன்கை எலும்பு உடைந்து உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி விரல்களுக்கு வேலை கொடுக்க வேண்டும், அதற்கு எழுதுவதை விட நல்ல பயிற்சி கிடையாது என்றார்.

"என்ன எழுதறது மேடம்?"

"என்ன வேணும்னாலும் எழுதுங்க. காலைல என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதுங்க. நான் படிக்க மாட்டேன் கேட்டியளா. எழுத்து சாயுதா, நேரா நிக்குதான்னு மட்டும் பாப்பேன்."

காலையில் மூன்று இட்லி. தேங்காய்ச் சட்னி.

ஆகஸ்ட் 20

நான்கு இட்லி.

ஆகஸ்ட் 22

எப்படி விழுந்தாய் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் சலித்துவிட்டது. எழுதி வாசலில் ஒட்டிவிடலாம்.

ஜூலையில், சென்னை டிராக்கில், இந்த வருடப் போட்டியின் இரண்டாவது ரவுண்டு. வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்சக்கரம் வழுக்கி, திடீரென்று பிடித்துக்கொண்டது. வண்டி என்னைத் தூக்கி மேலே எறிந்தது. கீழே வரும்போது கையை ஊன்றினேன். விழுந்தால் கையை ஊன்றாதே, மார்போடு சேர்த்துக்கொண்டு உருளு என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அவ்வளவுதான் கதை. இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, விழாதவன் ரேஸே ஓட்டாதவன். வருத்தப்படவும் இல்லை. எதுவும் தோன்றவில்லை.

டீம் மேனேஜர் குரு சார் இன்று பழப் பையோடு வீட்டுக்கு வந்தார். சாத்துக்குடியை மேசையில் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நவம்பர்ல கடைசி ரவுண்டு. அதுல நீங்க வண்டி ஏறி முடிச்சுட்டீங்கன்னா அடுத்த வருஷமும் முதல் வண்டி உங்களுக்குத்தான், நான் பேசிக்கறேன். ஏறலைன்னா கம்பெனியில திலக்குக்குக் குடுத்துருவாங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

திலக் எங்கள் டீமின் இரண்டாவது வண்டி. ஓசூர்க்காரன், இருபத்து நான்கு வயது. நன்றாக ஓட்டுவான். முப்பத்து மூன்று வயதில் கை உடைந்தவனை வேறு எந்த டீமும் கூப்பிடாது. இது எனக்கும் தெரியும், குரு சாருக்கும் தெரியும். அதனால் இருவரும் சாத்துக்குடி விலையைப் பற்றிப் பேசினோம்.

ஆகஸ்ட் 27

காலையில் பேப்பர் படித்துக்கொண்டே டம்ளரைக் கையில் எடுத்தேன். சுகந்தி "ஐயோ" என்று கத்தினாள். அப்போதுதான் பார்த்தேன். விளிம்பைப் பிடிக்காமல் டம்ளரின் நடுவில் பிடித்திருந்தேன். காபி அந்த நிமிடம்தான் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தோல் சிவந்து, மத்தியானம் கொப்புளமாகிவிட்டது.

"சுடலீங்களா?" என்று கேட்டாள்.

"சுட்டுச்சு."

"அப்பறம் ஏனுங்க புடிச்சுட்டே இருந்தீங்க?"

பேப்பரில் மும்முரமாக இருந்துவிட்டேன். யாருக்கும் இப்படி ஆகும். வெயில் காலத்தில் தார் ரோட்டில் விழுந்து எழுந்தவனுக்குக் காபி ஒரு சூடா?

ஆகஸ்ட் 30

சுகந்தி பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது பிடி வைத்த கப் இரண்டு வாங்கி வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளர்தான்.

"கடையில தள்ளுபடின்னாங்க, எடுத்துட்டு வந்தனுங்க" என்றாள். கணக்கு டீச்சர். தள்ளுபடி என்று எழுதியிருந்தால் அந்தக் கடையையே சுற்றிக்கொண்டு போகிற ஆள்.

காபியை இப்போதெல்லாம் என் இடது கைப் பக்கம் வைக்கிறாள். ஏன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 4

மேடம் இன்று பஞ்சு வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர் பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொடுவார். எந்த விரல் என்று நான் சொல்ல வேண்டும். இதற்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் அவர் கடிதம் கொடுப்பார். கடிதம் இருந்தால்தான் ரேஸ் டாக்டர் ஒப்புக்கொள்வார்.

முதல் தடவை குழப்பிவிட்டேன். மேடம் எழுதிக்கொண்டார். இரண்டாவது தடவை கவனித்தேன். அவருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கட்டைவிரலில் இரண்டு தடவை, பிறகு ஆள்காட்டி, பிறகு நடு, அங்கிருந்து சுண்டுவிரலுக்குத் தாவி, கடைசியில் மோதிர விரல். சுண்டுவிரலுக்குப் போகும்போது நாற்காலி லேசாகக் கிறீச்சிடும்.

புது டிராக்குக்குப் போனால் நாங்கள் இதைத்தான் செய்வோம். முதல் நாள் நடந்தே சுற்றுவோம். இந்த மரம் வந்தால் பிரேக், அந்த வெள்ளைக் கோடு தேய்ந்த இடத்தில் திரும்பு, பாலத்து நிழலில் ஆக்ஸிலேட்டர். இரண்டே நாளில் கண்ணை மூடிக்கொண்டு டிராக்கைச் சொல்லிவிடலாம். எல்லாவற்றுக்கும் ஓர் அடையாளம் பிடித்து வைத்துக்கொள்வதுதான் எங்கள் பிழைப்பு.

மூன்றாவது தடவை ஒன்றுகூடத் தப்பவில்லை. "நல்லா முன்னேற்றம்" என்று மேடம் சந்தோஷப்பட்டார். இது ஏமாற்று இல்லை. எந்த விரல் என்று கேட்டார், நான் சொன்னேன்.

செப்டம்பர் 11

ஒரு பக்கம் முழுதாக எழுத வேண்டுமாம். இட்லிக் கணக்கு இனி செல்லாது.

பத்தொன்பது வயதில் முதல் ரேஸ். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டே மாலையில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை. முதலாளி ஒரு பழைய வண்டியைத் தட்டிக்கொட்டி, செட்டிபாளையம் டிராக்கில் ஓட்ட விட்டார். வீட்டில், காலேஜில் டூர் கூட்டிப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தேன். கடைசிக்கு முந்தின இடம். கடைசியில் வந்தவனுக்குப் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. ஆனால் இறங்கும்போது பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று முதலாளி பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மூன்று வருடம் கழித்து ஒரு டீம் சம்பளத்துக்கு எடுத்தது. ரேஸ் ஓட்டினால் சம்பளம் தருவார்களா என்று அப்பா நம்பவே இல்லை, பேங்க் பாஸ்புக்கைக் கொண்டுபோய்க் காட்டினேன். தேசிய சாம்பியன் இரண்டு முறை. இரண்டாம் இடம் நான்கு முறை. ஒரு வருடம் மலேசியாவிலும் தாய்லாந்திலும் ஓட்டினேன். அங்கே பதினான்காவது, பதினாறாவது, ஒருமுறை ஒன்பதாவது. அந்த ஒன்பதாவதுதான் நான் ஓட்டியதிலேயே நல்ல ஓட்டம். அது யாருக்கும் தெரியாது, என் மெக்கானிக் வின்சென்ட் அண்ணனைத் தவிர. அவர் அன்று பிட்டில், வண்டி பார்க்கிற கொட்டகையில், தகர நாற்காலியைத் தூக்கிப்போட்டு ஆடினார்.

முறிந்தவை: காலர் எலும்பு இரண்டு முறை, கணுக்கால், விலா மூன்று, இந்தக் கை.

பக்கம் முடிந்துவிட்டது. கை வலிக்கவில்லை.

செப்டம்பர் 18

பேனா பேப்பரைக் கிழித்துக்கொண்டு போகிறது. இந்த நோட்டில் நிறையப் பக்கங்களில் ஓட்டை. மேடம் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"எழுத்து நேராத்தான் நிக்குது. ஆனா ஏன் இப்படி அழுத்துறீங்க? ஆணி அடிக்கிற மாதிரி?"

"பழக்கம் மேடம்."

"முன்னாடியும் இப்படித்தான் எழுதுவீங்களா?"

"ஆமா" என்றேன். முன்னாடி எப்போது எழுதினேன்?

செப்டம்பர் 23

சட்டையை விட டி-ஷர்ட் வசதி. பட்டன் கிடையாது.

அக்டோபர் 3

கடிதம் கிடைத்துவிட்டது. விரல்களில் உணர்வு திருப்திகரம் என்று போட்டிருக்கிறார். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு மேடம் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"மாதேஷ், நரம்பு எலும்பு மாதிரி இல்ல. அது வர்றதுக்கு ஒரு வருஷம் ரெண்டு வருஷம்கூட ஆகும். சில பேருக்கு வராமலும் போகும். உங்களுக்கு நல்லா வந்திருக்கு, எனக்கே ஆச்சரியம். ஒண்ணும் மறைக்கலயே?"

"இல்ல மேடம்."

ரேஸ் டாக்டர் தரையில் தண்டால் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். கையைக் குலுக்கி இறுக்கச் சொன்னார். இறுக்கினேன். "அப்பா, விடுங்க விடுங்க" என்று சிரித்தார். பலத்துக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டில் கடிதத்தைக் காட்டினேன். சுகந்தி இரண்டு முறை படித்தாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டு உளுந்து ஊறப் போடப் போனாள்.

அக்டோபர் 9

செட்டிபாளையத்தில் முதல் ஓட்டம். மூன்று மாதம் கழித்து லெதர் உடுப்பு போட்டது. இடுப்பில் பிடிக்கிறது, இட்லி வேலையைக் காட்டிவிட்டது. வின்சென்ட் அண்ணன் பின்னால் நின்று ஜிப்பை இழுத்துவிட்டார். போத்தனூர்க்காரர். பதினொரு வருடமாக என் வண்டியை அவர்தான் பார்க்கிறார்.

இந்த நோட்டை யாராவது படித்தால் புரிய வேண்டுமே என்று எழுதுகிறேன். ரேஸில் முன்பிரேக்தான் எல்லாம். வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் பிரேக் லீவரில் இருக்கும், மற்றவை ஆக்ஸிலேட்டரில். முன் டயர் ரோட்டை எவ்வளவு பிடித்திருக்கிறது, இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த இரண்டு விரல்தான் சொல்லும். ஒரு துளி அதிகமானால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், விழுவோம். ஒரு துளி குறைந்தால் வளைவில் நிற்க மாட்டோம், வெளியே போவோம்.

விரல் இல்லாவிட்டால் என்ன, வேறு எவ்வளவோ இருக்கிறது. வளைவுக்கு நூறு மீட்டர் என்று காட்டும் பலகை வரும்போது பிடி. மனதுக்குள் ஒன்று, இரண்டு. உடம்பு முன்னால் தள்ளுகிற அளவைத் தோள் சொல்லும். பெட்ரோல் டாங்கில் தொடை அழுந்தும். இருபது சுற்றுக்குள் எல்லா வளைவுக்கும் கணக்குப் போட்டு வைத்துவிட்டேன். நேரமும் மோசமில்லை.

வண்டியை நிறுத்தியதும் அண்ணன் முன்பக்கம் குத்தவைத்து உட்கார்ந்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் டை கட்டியிருப்பார்கள். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறதோ அதுவரை டை தள்ளிக்கொண்டு போய் அங்கேயே நிற்கும். இன்று கடைசி வரை போய் அடியில் முட்டிக்கொண்டு நின்றது.

"தம்பி, அடி முட்டுதுங்க. நீங்க எப்பவும் ரெண்டு விரக்கடை விட்டுத்தான் நிறுத்துவீங்க."

"ஸ்பிரிங் இளகியிருக்கும்ணா."

அண்ணன் டையை விரலால் மேலே தள்ளிவிட்டார். "மாத்திப் பாக்கறனுங்க" என்றார்.

அக்டோபர் 14

ஸ்பிரிங் மாற்றியாகிவிட்டது. கெட்டியான ஸ்பிரிங். டை இன்றும் அடியில்.

டீ குடித்தோம். எனக்கு அவர் இரண்டு பேப்பர் கப்பை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கொடுத்தார்.

அக்டோபர் 17

முன்பெல்லாம் ரேஸுக்கு முதல் நாள் வயிற்றைக் கலக்கும். இரண்டு முறை சாம்பியன் ஆன பிறகும் கலக்கும். அண்ணன் அதைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பார். இப்போது டிராக்கில் நூற்று எழுபது வேகத்தில் போகிறேன், ஒன்றும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கிறது.

குரு சார் போனில், "பழைய மாதேஷ் வந்துட்டார்னு சொல்றாங்களே" என்றார். நன்றி சொன்னேன்.

அக்டோபர் 20

தீபாவளி. மத்தாப்பு எல்லாம் சுகந்தியே கொளுத்தினாள். எனக்குக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. லேகியம் காரம்.

நவம்பர் 5

மேடத்திடம் கடைசி வருகை. நோட்டைக் கொண்டுபோக மறந்துவிட்டேன் என்று சொன்னேன். பையில்தான் இருந்தது.

நவம்பர் 12

நாளை சென்னைக்குக் கிளம்ப வேண்டும். பையில் உடுப்பு அடுக்கும்போது சுகந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நானும் வரட்டுங்களா?"

எட்டு வருடக் கல்யாணத்தில் அவள் ஒரு ரேஸுக்கும் வந்ததில்லை. வேண்டாம் என்று நான் சொன்னதில்லை, அவளாகவே வர மாட்டாள். முடிந்ததும் "முடிஞ்சுது" என்று நான் ஒரு போன் செய்ய வேண்டும். ஜெயித்தேனா தோற்றேனா என்பதெல்லாம் அப்புறம்.

"இப்ப என்ன புதுசா?" என்று கேட்டேன்.

"சும்மாதானுங்க." என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் விரல்களை அழுத்திக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது.

"உனக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தணும்ல" என்றேன். கையை மெதுவாகத் திருப்பி என் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நவம்பர் 14

பிராக்டிஸ். இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மத்தியானம் திலக் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். காற்று எதிர்க்காமல் இருக்க அவன் பின்சக்கரத்தை ஒட்டியே போகச் சொல்லியிருந்தார் குரு சார். ஒரே டீம், ஒருவருக்கொருவர் உதவி. நேர் ரோட்டின் முடிவில், முதல் வளைவுக்கு நூறு மீட்டர் பலகைதான் என் கணக்கு. அவனுக்கு முன்னால் போனவன் தடுமாறியதால் திலக் கொஞ்சம் முன்னாடியே பிரேக் பிடித்தான். அந்த இடத்தில் என் கணக்கில் பிரேக் கிடையாது. பிடித்தேன். எவ்வளவு பிடித்தேன் என்று தெரியவில்லை. லீவர் கையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். நூற்று அறுபதில் போகும்போது குனிந்து என் விரலைப் பார்த்தேன். இருந்தது. நிமிர்ந்தபோது திலக்கின் பின்சக்கரம் என் முன்சக்கரத்தில் இருந்தது.

அவன் வண்டி வெட்டிக்கொண்டு மண்ணுக்குள் போய்க் கவிழ்ந்தது. நான் விழவில்லை. அவன் இரண்டு முறை உருண்டான், கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி. எழுந்து நின்றான். தோளில் ஊமைக் காயம், வேறொன்றும் இல்லை.

சாயங்காலம் பிட்டில் தோளில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தான்.

"சாரிங்ணா. நான்தான் முன்னாடியே பிரேக் புடிச்சுட்டேன். பின்னாடி நீங்க வர்றது தெரியும், நான் லைனை விட்டு ஒதுங்கியிருக்கணும். உங்களுக்கு ஒண்ணும் ஆகலயேண்ணா? கை?"

"ஒண்ணும் ஆகல."

"நல்ல வேளை நீங்கண்ணா. வேற எவனாச்சும் வந்திருந்தா என் மேலயே ஏத்தியிருப்பான்."

"பரவாயில்ல, விடு" என்றேன்.

பரவாயில்லை என்று நான் அவனுக்குச் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, நிம்மதியாகப் போனான்.

வின்சென்ட் அண்ணன் அங்கேதான் நின்று என் முன்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 15

தகுதிச் சுற்று. தனியாக ஓட்டும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. ஐந்தாவது இடம். திலக் அந்தத் தோளோடு இரண்டாவது இடம்.

ரேஸ் கிளம்பும்போது வரிசைக்கு மூன்று வண்டி. இரண்டாவது இடத்துக்கு நேர் பின்னால் ஐந்தாவது இடம்.

ராத்திரி சப்பாத்தி, குருமா. ருசி தெரியவில்லை.

நவம்பர் 16

காலையில் அண்ணன் டையைப் புதிதாகக் கட்டினார். கட்டிவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"தம்பி, நான் கேக்க மாட்டேன். பதினோரு வருஷத்துல நீங்க வண்டியில இது சரியில்லைன்னு சொன்னா, ஏன்னு நான் கேட்டதில்ல, மாத்திக் குடுத்திருக்கேன். இப்பவும் அப்படித்தானுங்க. சொல்லுங்க, என்ன மாத்தணும்?"

"ஒண்ணும் வேண்டாம்ணா. வண்டி நல்லாருக்கு."

"வண்டி நல்லாத்தானுங்க இருக்கு" என்றார்.

வார்ம்-அப் சுற்று முடிந்து, ரேஸ் கிளம்புகிற இடமான கிரிட்டில் வந்து நின்றோம். எனக்கு முன்னால் திலக். குனிந்திருந்தான். அவன் முதுகில் டீம் பெயர், அதற்கு மேலே இடது தோளில் முந்தாநாள் உரசிய இடத்தில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. கோணலாக ஒட்டியிருந்தது. அவனே கண்ணாடி பார்த்து ஒட்டியிருப்பான் போல. அவன் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். பின்னால் நான் இருப்பது அவனுக்குத் தைரியம்.

அப்போது வயிறு கலங்கியது. ஜூலையிலிருந்து வராதது, ஒரேயடியாக வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு என்ன ஆகும் என்று இல்லை. முதல் வளைவில் இருபது வண்டி ஒரே இடத்துக்குப் போகும். யார் எங்கே பிரேக் பிடிப்பான் என்று யாருக்கும் தெரியாது. பலகையும் இல்லை, கணக்கும் இல்லை. அந்த வெள்ளை டேப்தான் எனக்கு முன்னால் இருக்கும்.

கிரிட்டில் இஞ்சின் நின்றுவிட்டால், கிளப்ப முடியாது என்று தெரிந்தால், கையைத் தூக்க வேண்டும். பின்னால் இருப்பவர்கள் வந்து மோதாமல் இருப்பதற்கு. பதினான்கு வருடத்தில் நான் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. என் வண்டி ஒருமுறைகூட நின்றதில்லை, அண்ணன் நிற்க விட்டதில்லை.

கிளட்ச்சை இடது கை பிடித்திருந்தது. வலது கையைத் தூக்கினேன்.

மஞ்சள் கொடி ஆடியது. ஸ்டார்ட்டை நிறுத்தினார்கள். வின்சென்ட் அண்ணன் சுவரைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தார். அறுபதை நெருங்குகிற ஆள். வந்து பார்த்தார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது, அழகாக, ஒரே சீராக. என் முகத்தைப் பார்த்தார். ஹெல்மெட்டில் என்ன தெரிந்திருக்கும்? பிறகு குறுக்கே கையை நீட்டி, கைப்பிடியில் இருக்கும் சிவப்பு சுவிட்சை அமுக்கினார். இஞ்சின் நின்றது.

"நின்னுருச்சுங்க! வண்டி நின்னுருச்சுங்க!" என்று ஓடி வந்த டிராக் ஊழியரிடம் கத்தினார். இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் மேலே உட்கார்ந்திருந்தேன், சாமி ஊர்வலம் மாதிரி.

பிட்டுக்குள் குரு சார் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "கடைசி ரவுண்டு! கிரிட்ல வண்டி நிக்குதுன்னா என்னத்த வேலை பாத்தீங்க? கம்பெனிக்காரங்க மேல உக்காந்து பாத்துட்டிருக்காங்க!" அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். "ஒயர் ஏதோ விட்டுப்போச்சுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

"வண்டி நிக்கல சார்" என்றேன். "ஓடிட்டுத்தான் இருந்துச்சு. அண்ணன் எனக்காக ஆஃப் பண்ணாரு. எனக்குக் கை சரியில்ல."

"கை சரியில்லைன்னா? டாக்டர் கடுதாசி குடுத்தாரே?"

"குடுத்தாரு."

குரு சார் என் கையைப் பார்த்தார். கிளவுஸ் போட்டிருந்த கை, பார்க்க எல்லோருடைய கையும் போலத்தான் இருந்தது. கோபப்பட ஆரம்பித்தார், பாதியிலேயே விட்டுவிட்டார். "அடுத்த வருஷத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அப்புறம் என்று ஒன்று இல்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

திலக் மூன்றாவதாக வந்தான். முதல் வளைவில் அவன் உள்பக்கமாகப் போய் முழுசாக வெளியே வந்ததைச் சுவரோரம் நின்று பார்த்தேன். அதற்கு மேல் ரேஸைப் பார்க்கவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பதினான்கு வருடத்துக்காக இருக்கலாம்.

சுகந்திக்குப் போன் செய்தேன். "முடிஞ்சுது" என்றேன். வழக்கமான வார்த்தைதான்.

"வீட்டுக்கு வாங்க" என்றாள்.

நவம்பர் 17

காலையில் வந்து சேர்ந்தேன். சுகந்தி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள். காபி கொடுத்தாள், பிடி வைத்த கப்பில், இடது பக்கம். குடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, மருந்து டப்பாவிலிருந்து பஞ்சு எடுத்து வந்தாள்.

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?" என்றேன்.

"டம்ளர் புடிச்சீங்களே, அன்னைக்கு இருந்துங்க."

"ஏன் கேக்கல?"

"கேட்டனுங்களே. சுடலீங்களான்னு."

எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் கண்ணைத் துண்டால் கட்டினாள். மேடம் கட்டியதில்லை, மூடச் சொல்வதோடு சரி. வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தேன். வெளியே தண்ணி லாரி போகிற சத்தம். அவள் நாற்காலி கிறீச்சிடவில்லை.

"எந்த விரல்?"

வழக்கப்படி முதலில் கட்டைவிரல், இரண்டு தடவை. "கட்டைவிரல்" என்றேன்.

"இப்ப?"

"கட்டைவிரல்."

"இப்ப?"

"ஆள்காட்டி."

"இப்ப?"

"நடுவிரல்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நான் இன்னும் தொடவே இல்லீங்க" என்றாள்.

துண்டுக்குள் இருட்டாக இருந்தது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கையை எடுக்கத் தோன்றவில்லை. மறுபடியும் அவள் குரல் வந்தது.

"இப்பத் தொடறேன். எந்த விரல்?"

காத்திருந்தேன். ஏதாவது வரும் என்று உண்மையாகவே காத்திருந்தேன்.

"தெரியல" என்றேன். "தெரியல சுகந்தி."